கையெட்டும் தூரம், தனிப் படுக்கை: பச்சிளங்குழந்தைக்குத் தொட்டில் தேர்வு

குழந்தை பிறந்த வீட்டுக்கு வரும் பரிசுகளில் இது அநேகமாக இருக்கும்: பூப்போட்ட சின்ன மெத்தை, தலைக்கு ஒரு குட்டித் தலையணை, இரண்டு பக்கமும் அணைத்து வைக்க உருளைத் தலையணைகள், மேலே குடையாக விரியும் கொசுவலை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் விவரம் தெரிந்த குழந்தைநல மருத்துவர், கொசுவலையை மட்டும் வைத்துக்கொண்டு தலையணைகளை அலமாரியில் போடச் சொல்வார். மெத்தென்று இருந்தால் குழந்தைக்குச் சுகம் என்பது பெரியவர்களின் கணக்கு. பச்சிளங்குழந்தையின் மூச்சுக்கு அந்த மென்மைதான் ஆபத்து.

'பெட்சைடு கிரிப்' என்ற பெயரில் இப்போது பரவலாக விற்கும் கட்டிலோரத் தொட்டிலுக்கும் இதே அளவுகோல்தான். அம்மாவின் கட்டிலோடு ஒட்டி நிற்கும். அந்தப் பக்கத்துத் தடுப்பு மட்டும் தாழ்ந்திருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் எதை வாங்குகிறோம், எப்படிப் பொருத்துகிறோம், உள்ளே எதை வைக்காமல் இருக்கிறோம் என்பதில்தான் அதன் பாதுகாப்பு இருக்கிறது.

பக்கத்தில் வேண்டும், ஒரே படுக்கையில் வேண்டாம்

பிறந்த குழந்தைக்கு உடல் அளவைப் பார்க்கத் தலை பெரிது. கழுத்தில் வலு இருக்காது. முகம் துணியில் புதைந்துவிட்டால் தானாகத் திருப்பிக்கொள்ள முடியாது. வெளிவிட்ட காற்று துணி மடிப்பிலேயே தேங்கும்; அதையே குழந்தை மறுபடி உள்ளிழுக்கும். ஆக்சிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடு கூடும். அந்த நிலையில் பெரியவர்கள் திடுக்கிட்டு விழித்துவிடுவோம். சில குழந்தைகளின் மூளையில் அந்த விழிப்பு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது.

நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே, ஆராய்ந்தும் காரணம் தெரியாமல் இறந்துபோவதைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறார்கள். ஒரு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் நேரலாம் என்றாலும் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில்தான் நேர்கிறது. இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதம் வரை அதிகம். குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரத்தைப் பிரிட்டன் 1991-லும் அமெரிக்கா 1994-லும் தொடங்கின. அமெரிக்காவில் 1990-ல் ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 130 ஆக இருந்த இந்த மரணம், 2020-ல் 40-க்கும் கீழே வந்தது. மருந்தோ கருவியோ இல்லாமல், படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதே இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இது: குறைந்தது முதல் ஆறு மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, அவர்கள் படுக்கைக்கு அருகில், ஆனால் தனக்கென்று உள்ள தனிப் பரப்பில் தூங்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் இரவில் பாலூட்டுவது எளிது. தாய்ப்பாலும் திடீர்ச் சிசு மரண அபாயத்தைக் குறைக்கிறது. சிசேரியன் ஆன தாய்க்கு ஒவ்வொரு முறையும் எழுந்து நடக்க வேண்டியதில்லை. தனிப் பரப்பாக இருந்தால் பெரியவர்களின் போர்வை, தலையணை, புரண்டு படுக்கும் உடல் எதுவும் குழந்தையின் மேல் வராது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தை, நான்கு மாதம் நிரம்பாத குழந்தை ஆகியோரை ஒரே படுக்கையில் போட்டுக்கொள்வதில் ஆபத்து கூடுதல். வீட்டில் யாராவது புகைபிடித்தாலோ, பக்கத்தில் படுப்பவர் மது அருந்தியிருந்தாலோ, தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ அது இன்னும் பல மடங்கு. எல்லாவற்றிலும் மோசமானது சோபா. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

தூளி கட்டலாமா?

இந்தக் கேள்வி இல்லாமல் நம் வீடுகளில் தொட்டில் பேச்சு முடியாது. பழைய பருத்திப் புடவையில் கட்டிய தூளியில் குழந்தை சட்டென்று தூங்கிவிடும். அது நமக்குத் தெரியும். ஆனால் அதில் பிறந்த குழந்தையின் முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி தலை கவிழலாம். குழந்தையின் மூச்சுக்குழல் மெல்லியது. கழுத்து மடங்கினால் அதுவும் மடங்கும். இரண்டு பக்கத் துணியும் முகத்தின் மேல் சரிந்து மூடலாம். குழந்தை சற்று வளர்ந்து புரள ஆரம்பித்தால் கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பிரிங் தொட்டிலும் மோட்டாரில் ஆடும் தொட்டிலும் துணிப்பை வடிவில் இருந்தால் இதே கதைதான்.

தூளியில் போட்டே ஆக வேண்டுமென்றால், கண் பார்வையில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண் அயர்ந்ததும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். வீடே உறங்கும் இரவுக்கு அது வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

டேப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நிறத்தையும் பொம்மையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

*மட்டம்:* படுக்கும் பரப்பு தட்டையாக, சாய்வில்லாமல் இருக்க வேண்டும். சில தொட்டில்களில் ஒரு பக்கக் காலை உயர்த்தித் தலைப்பக்கத்தை ஏற்றும் வசதி உண்டு. பால் எதுக்களிக்காமல் இருக்க உதவும் என்று விற்பார்கள். அந்த வசதி இருந்தாலும் பயன்படுத்த வேண்டாம். சாய்ந்த பரப்பில் குழந்தை கீழே சறுக்கும், தலை முன்னால் கவிழும். சாய்வுப் படுக்கையான 'ராக் அண்ட் ப்ளே'யில் குழந்தைகள் இறந்ததையடுத்து, 2019 ஏப்ரலில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் சுமார் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றது. 2022-ல் அமெரிக்கா ஒரு சட்டமே கொண்டுவந்தது: பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைத் தடுப்புகளையும் விற்கத் தடை.

*மெத்தை:* உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். பள்ளம் விழாமல் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். மெத்தைக்கும் தொட்டில் சுவருக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. தொட்டிலோடு வரும் மெத்தை கெட்டியாக இருக்கிறதே என்று அதன் மேல் இலவம்பஞ்சு மெத்தை போடாதீர்கள். கெட்டியாக இருப்பது குறையல்ல, தேவை.

*சுவர்:* வலைத்துணியாக இருந்தால் காற்றோட்டம் கிடைக்கும். குழந்தை தூங்குவதும் தெரியும். மரக்கம்பிகள் என்றால் இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ், திருகாணி, தொங்கும் நாடா எதுவும் ஆகாது.

*உறுதி:* தொட்டிலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சக்கரம் இருந்தால் பிரேக் பிடிக்கிறதா, மடக்கும் கால் என்றால் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். உறவினர் வீட்டிலிருந்து வரும் பழைய தொட்டிலில் ஒரு திருகாணி குறைந்தாலும் சணலால் கட்டிச் சமாளிக்க வேண்டாம். பக்கத்துக் கம்பித் தடுப்பை மேலும் கீழும் சறுக்கித் திறக்கும் பழைய மாதிரி மரத்தொட்டில்களில் அந்தத் தடுப்பு கழன்று குழந்தைகள் சிக்கியதால் அமெரிக்கா 2011-ல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது.

*நம் கட்டில்:* வாங்குமுன் வீட்டிலேயே அளக்க வேண்டிய விஷயம் இது. பல கட்டிலோரத் தொட்டில்களின் அடிக்கால்கள் கட்டிலுக்குக் கீழே நுழைந்தால்தான் தொட்டில் ஒட்டி நிற்கும். அடியில் பொருள் வைக்கும் பெட்டி வைத்த கட்டிலில் அதற்கு இடமே இருக்காது. அகலமான மரச்சட்டம் உள்ள தேக்குக் கட்டிலில் மெத்தை உள்ளடங்கி இருக்கும். தொட்டில் சட்டத்தில் முட்டி நின்றுவிடும், மெத்தையைத் தொடாது. தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரை உயரம், சட்டத்தின் அகலம், கட்டிலுக்கு அடியில் உள்ள இடைவெளி ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஒரு விரல் இடுக்கும் கூடாது

கட்டிலோரத் தொட்டிலில் உயிர் பறிக்கும் இடம் எதுவென்றால், தொட்டிலும் கட்டிலும் சேரும் அந்த விளிம்புதான். நடுவில் இடுக்கு இருந்தால் குழந்தையின் முகமோ கழுத்தோ அதில் சிக்கலாம். அமெரிக்கத் தர விதி அந்த இடைவெளியை அரை அங்குலத்துக்குள் கட்டுப்படுத்துகிறது. நாம் இடைவெளியே இல்லாதபடி பார்த்துக்கொள்வோம்.

தொட்டிலோடு வரும் பட்டைகளை நிறுவனம் காட்டும் முறைப்படி கட்டிலில் மாட்டி இறுக்க வேண்டும். ஒட்டி நிறுத்தினால் போதும் என்று பட்டையை விட்டுவிடக் கூடாது. அம்மா ஒருமுறை புரண்டாலே தொட்டில் நகரும். இடுக்கு விழுந்தால் தலையணையோ மடித்த போர்வையோ திணித்து அடைக்காதீர்கள். அது குழந்தை முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மென்மையான பொருளைக் கொண்டுவந்து வைப்பதாகும்.

தாழ்த்திய பக்கத்தின் விளிம்பும் உங்கள் மெத்தையின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விளிம்பு மெத்தையைவிட உயர்ந்து நின்றால் கழுத்து அதில் பதியும் ஆபத்து உண்டு. அதே சமயம் குழந்தை படுக்கும் மெத்தை அந்த விளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி குறைந்தது நான்கு அங்குலம். அந்தச் சிறு சுவர்தான் குழந்தை உங்கள் பக்கம் உருண்டு வராமலும், உங்கள் போர்வை அந்தப் பக்கம் சரியாமலும் காக்கிறது. பகலில் தொட்டிலைக் கட்டிலிலிருந்து நகர்த்தினால் நான்காவது பக்கத்தையும் உயர்த்திப் பூட்டிவிடுங்கள். தினமும் படுக்கும் முன் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

உள்ளே குழந்தை மட்டும்

இறுக்கமாக விரித்த ஒரு பருத்தி விரிப்பு போதும். அடியில் ரப்பர் ஷீட் போட்டால் அதுவும் சுருங்காமல், ஓரம் மடங்காமல் மெத்தையோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையணை, பக்க உருளை, பொம்மை, தடித்த போர்வை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க வேறு வழி இருக்கிறது: ஒவ்வொரு இரவும் தலை திரும்பும் பக்கத்தை மாற்றுங்கள், பகலில் விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, சிறிது நேரம் குப்புறப் போடுங்கள்.

கழுத்தில் கயிறு, மணி, சங்கிலி இருந்தால் தூங்கும் நேரத்தில் கழற்றிவிடுங்கள். கண்ணேறு படாமல் இருக்க இரும்போ வேப்பிலையோ வைக்கும் வழக்கமிருந்தால் தொட்டிலுக்குள் வேண்டாம், அறையில் வேறெங்காவது வைக்கலாம். தொப்பி, காலுறை, இரண்டு போர்வை என்று நம் ஊர் வெக்கையில் மூட்டை கட்டாதீர்கள். உடல் சூடேறுவதும் அபாயமே. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். மின்விசிறி ஓடலாம். கொசுவுக்கு வலைதான் சிறந்தது. முகத்தில் படாதபடி விறைப்பாகக் கட்டுங்கள். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம்.

துணியில் சுற்றிப் படுக்க வைப்பதாக இருந்தால் நெஞ்சுப் பகுதி தளர்வாகவும், இடுப்புக்குக் கீழே கால்கள் மடங்கி விரிய இடம் இருக்கும்படியும் சுற்ற வேண்டும். குழந்தை புரள முயலும் அறிகுறி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

மல்லாக்கப் படுத்தால் பால் புரையேறாதா?

பாட்டிமார்களின் பெரிய அச்சம் இது. மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குப் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் பால் எளிதாக மூச்சுக்குழல் வாயிலில் தேங்கும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் நிலையில்லாதது; குழந்தை அப்படியே குப்புறக் கவிழ்ந்துவிடும். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரவழைத்து, பிறகு மல்லாக்கக் கிடத்துவதே நல்ல முறை. விசேஷக் கோளாறு ஏதேனும் இருந்து மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் மட்டும் அதன்படி செய்யுங்கள்.

பாயில் படுக்கும் வீட்டில்

ஆயிரக்கணக்கில் செலவழித்தால்தான் பாதுகாப்பு என்றில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள் என்றால், அவள் பாய்க்குப் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் கெட்டியான, தட்டையான சிறு மெத்தையை விரித்து அதன் மேல் வலையைக் கவிழ்க்கலாம். நடுவில் தலையணை கிடக்கக் கூடாது. சுவரோரம் இடுக்கு இருக்கக் கூடாது. மூத்த பிள்ளைகள் அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் குழந்தைப் படுக்கையும் வலையும் சேர்க்கப்பட்டன. தட்டை, கெட்டி, வெறுமை என்ற மூன்றும் அமைந்தால் தரைப் படுக்கையும் நல்ல படுக்கைதான்.

எப்போது மாற்றுவது?

கட்டிலோரத் தொட்டில் சில மாதங்களுக்கானது. குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றி உடலைத் தூக்கத் தொடங்கினாலோ, தானாக உட்கார முயன்றாலோ, நிறுவனம் சொன்ன எடையைத் தாண்டினாலோ அதோடு அதன் வேலை முடிந்தது. பல குழந்தைகளுக்கு இது ஐந்தாறு மாதத்திலேயே நேர்கிறது. விலை கொடுத்து வாங்கினோமே என்று இழுத்தடிக்காமல், அதே அறையில் நான்கு பக்கமும் உயரமான தடுப்புள்ள தொட்டிலுக்கு மாற்றுங்கள்.

இவை அனைத்தையும் அம்மா மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. குழந்தையைப் பகலில் தூங்க வைக்கும் பாட்டி, வேலை முடிந்து வரும் அப்பா, உதவிக்கு வரும் அக்கா, ஒருநாள் மட்டும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் என எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எப்போதும் மல்லாக்கப் படுத்துப் பழகிய குழந்தையை ஒரே ஒரு நாள் யாரோ குப்புறப் போட்டாலும் ஆபத்து அதிகம். அதனால் வீட்டில் யார் கிடத்தினாலும் ஒரே முறைதான்: மல்லாக்க, தட்டையில், வெறும் தொட்டிலில்.