உங்களுக்குத் தெரியுமா?
நீருக்கடியில் ஒரு கொத்மலை

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து இறங்கி, தலவாக்கலையைக் கடந்து மகாவலி ஆற்றில் சேர்கிறது கொத்மலை ஓயா. அதன் கரையில் வயலும் விகாரையுமாக வாழ்ந்த பழைய ஊர்கள் இன்று நீர்த்தேக்கத்துக்குள் இருக்கின்றன.

● துட்டகைமுனு இளவரசனாக இருந்தபோது தந்தையின் கோபத்துக்குத் தப்பி, இங்கே ஒரு விவசாயி வீட்டில் மறைந்து வாழ்ந்தான் என்பது ஊர் மரபு.

● துரித மகாவலித் திட்டத்தின் கீழ் சுவீடனின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட கொத்மலை அணை, 1985-இல் திறக்கப்பட்டது. உயரம் 87 மீட்டர். மின் உற்பத்தித் திறன் 201 மெகாவாட்.

● ஊரிழந்த குடும்பங்களில் சில, அருகிலிருந்த தேயிலை நிலங்களில் குடியேற்றப்பட்டன. மற்றவை மலைக் குளிரை விட்டு, தொலைவிலுள்ள உலர் வலயத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போயின. சேர்ந்து விதைத்து, ஒரே விகாரையில் கூடிய அயலவர்கள் இப்படித் திக்குக்கு ஒருவராகப் பிரிந்தார்கள்.

● கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால், மூழ்கிய கடதொர விகாரையின் எச்சங்கள் வெளியே தெரியும். அவற்றைப் பார்க்கவும் வழிபடவும் மக்கள் திரள்வார்கள்.

● மூழ்கிய விகாரைகளின் நினைவாக, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி எழுப்பப்பட்டதுதான் மகாவலி மகா சேய தாதுகோபம். 1983-இல் தொடங்கிய வேலை 2016-இல்தான் நிறைவடைந்தது.

● இதே கொத்மலை ஓயாவில், தோட்டத் தமிழர் நிறைந்த தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் ஜப்பானின் கடனுதவியுடன் 2012-இல் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 150 மெகாவாட். அங்குள்ள சென் கிளயர் அருவி வற்றிவிடும் என்று எழுந்த எதிர்ப்பால், அருவிக்கென நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் நீர் திறந்துவிட ஏற்பாடானது.