தாத்தா பத்திரத்துல 'பாயகாரி'ன்னு இருக்கா? செங்கல்பட்டு பழைய ஆவணங்களில் வரும் புரியாத தொழில் பெயர்களுக்கு என்ன அர்த்தம்?

பரண் மேல ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே மடிச்சு வெச்ச பழைய பத்திரம். கொள்ளுத்தாத்தா பேரு இருக்கு, ஊர் பேரு இருக்கு. பக்கத்துலயே 'பாயகாரி'ன்னு ஒரு வார்த்தை. வீட்டுல யாருக்கும் அர்த்தம் தெரியல. பாய் முடையுறவரா? பாய் விற்றவரா?

ரெண்டும் இல்லை. அவர் ஒரு விவசாயி. ஆனா சொந்த நிலம் இல்லாத விவசாயி.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் பக்கம் பூர்வீகம் உள்ளவர்கள் குடும்ப வரலாறு தேடினால், இப்படிப் பல வார்த்தைகளில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு. அவற்றின் அர்த்தம் என்ன? எந்த ஆவணங்களில் தேடலாம்? பார்க்கலாம்.

சென்சஸ்ல பார்க்க முடியாதா?

பிரிட்டனில் 100 ஆண்டுகள் கடந்ததும் மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ல் எடுத்த கணக்கு 2022 ஜனவரியில் வெளியானது. கொள்ளுத்தாத்தா பேரு, வயசு, தொழில் என எல்லாத்தையும் அங்கே வீட்டில் இருந்தே பார்க்க முடியும்.

இந்தியாவில் அந்த வசதி இல்லை. சென்னை மாகாணத்தில் 1871-லேயே முறையான கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் நமக்குக் கிடைப்பது மொத்த எண்ணிக்கை மட்டும்தான். மாவட்டத்தில் நெசவாளர் எத்தனை பேர், மீனவர் எத்தனை பேர் என்று தெரியும். உங்க கொள்ளுத்தாத்தா அதில் யார் என்று தெரியாது. 1948-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது.

அதனால் நம்ம ஊர்ல குடும்ப வரலாறு தேடுறவங்க பத்திரம், பட்டா, கிராமக் கணக்கு, கோயில் கணக்கு பக்கம்தான் போகணும். இந்த விஷயத்தில் செங்கல்பட்டுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது.

250 ஆண்டுகளுக்கு முந்தைய ஊர்க் கணக்கு

1763-ல் ஆற்காடு நவாப், இன்றைய செங்கல்பட்டு வட்டாரத்தை கிழக்கிந்திய கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் கிடைத்த பூமியில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. அதனால் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களின் விவரங்களைச் சேகரித்தார்.

ஊரில் எத்தனை வீடு, யார் யார் குடி இருக்கிறார்கள், நிலம் எவ்வளவு, ஏரி எத்தனை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என அத்தனையும் அதில் பதிவானது. அந்த ஊர்க் கணக்குகளின் தமிழ் ஓலைச்சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்போரூரின் கணக்கும், வடக்குப்பட்டு என்ற ஊரின் கணக்கும் நூலாகவே அச்சாகி இருக்கின்றன.

இந்தக் கணக்குகளைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். அன்று ஊர் வேலை செய்தவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், அரசுப் பங்கு, குடிப் பங்கு எல்லாம் பிரிப்பதற்கு முன்பே அவர்களுக்கான நெல்லை அளந்து கொடுத்துவிடுவார்கள். இதற்கு மேரை என்று பெயர். இன்னொரு பெயர் சுதந்திரம்! பழைய கணக்கில் 'தச்சன் சுதந்திரம்' என்று வந்தால் விடுதலை என்று நினைக்க வேண்டாம். தச்சருக்கு உரிமையாகக் கொடுத்த நெல் என்று அர்த்தம். சிலருக்கு வரியில்லா நிலமும் உண்டு. அது மானியம்.

சரி, இப்போ வார்த்தைகளுக்கு வருவோம்.

பாயகாரி, மிராசுதார்

மிராசு என்பது பரம்பரைச் சொத்து என்ற பொருள் கொண்ட அரபுச் சொல்லில் இருந்து வந்தது. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு உள்ளவர் மிராசுதார். தமிழில் காணியாட்சிக்காரர். அவருடைய நிலத்தை வாரத்துக்கு உழுதவர் பாயகாரி. அதே ஊரிலேயே நிலையாகக் குடியிருந்தால் உள்குடி பாயகாரி. வெளியூரில் இருந்து வந்து உழுதால் பரகுடி பாயகாரி. உங்க ஆவணத்தில் உள்குடி என்று இருந்தால், உங்க குடும்பம் அந்த ஊரிலேயே நிலைத்திருந்தது என்பதற்கு அது ஒரு தடயம்.

நீர்கட்டி

ஏரி மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து விட்டவர். நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். செங்கல்பட்டு முழுக்க ஏரிப் பாசன பூமி. மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்தார் என்ற கதையும், கலெக்டர் லயனல் பிளேஸ் பெயரும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மழைக்கால ராத்திரியில் கரையைச் சுற்றி வந்த நீர்கட்டியின் பெயர், இருந்தால், ஊர்க் கணக்கில் மட்டும்தான் இருக்கும்.

வெட்டியான், தோட்டி, தலையாரி

இன்றைக்கு வெட்டியான் என்றால் சுடுகாட்டு வேலை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஏளனமாகவும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வருவாய்க் கணக்கில் வெட்டி என்பவர் ஊரின் பணியாளர். வரி வசூல் நாளில் ஆட்களுக்குத் தகவல் சொல்வது, நிலம் அளக்கும்போது உதவுவது, களத்து நெல்லைக் காப்பது என அவர் செய்யாத வேலை இல்லை. எல்லைத் தகராறு வந்தால் எல்லைக்கல் எங்கே என்று அவரைத்தான் கேட்பார்கள். 'வெட்டி' என்ற சொல்லுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலி இல்லாத உழைப்பு என்று பொருள். தலையாரி என்பவர் ஊர்க் காவல்காரர். இன்றும் கிராம உதவியாளரைப் பல ஊர்களில் தலையாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கர்ணம்

ஊர்க் கணக்கு எழுதியவர். கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருந்த வேலை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர் அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து இந்தப் பதவிகளை ஒழித்தது. அதன் பிறகு வந்தவர்கள்தான் இன்றைய வி.ஏ.ஓ-க்கள்.

நோட்டக்காரர்

நோட்டம் விடுபவர் இல்லை! பகோடா, பணம், காசு எனப் பல நாணயங்கள் ஒரே நேரத்தில் புழங்கிய காலம் அது. எது நல்ல தங்கம், எது கலப்படம், எது தேய்ந்தது என்று சோதித்துச் சொன்னவர் நோட்டக்காரர். சராப்பு என்றும் எழுதியிருப்பார்கள்.

அளவர்

அளப்பவர் என்று படித்தால் தப்பு. அளம் என்றால் உப்பளம். உப்பு விளைவித்தவர் அளவர். கோவளம், கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நெல் அளந்தவரை அளவுகாரர் என்பார்கள். ஓலையிலும் பழைய கையெழுத்திலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது ரொம்ப சுலபம். 1805-ல் உப்பு, அரசின் ஏகபோகமானது. அதன் பிறகு கம்பெனியின் அனுமதி இல்லாமல் அளத்தில் இறங்க முடியாது.

பட்டினவர், செம்படவர்

பட்டணத்தில் இருந்து வந்தவர் என்று பட்டினவரைப் படிக்க வேண்டாம். பட்டினம் என்றால் கடற்கரை ஊர். கடலில் மீன் பிடித்தவர்கள் பட்டினவர். ஏரி, ஆறு, குளத்தில் மீன் பிடித்தவர்கள் செம்படவர். இன்னொரு குழப்பமும் உண்டு. கடற்கரைக் குப்பங்களில் செட்டியார் என்பது பட்டினவர் பயன்படுத்தும் பட்டம். அதை வைத்து அவர் கடை வைத்திருந்த வணிகர் என்று முடிவு செய்தால் தேடல் வேறு திசையில் போய்விடும்.

ஒட்டர், பணிசவர்

ஏரி, குளம், கிணறு வெட்டியவர்கள் மண் ஒட்டர். பாறை உடைத்தவர்கள் கல் ஒட்டர். உடைத்த கல்லைச் செதுக்கியவர் கல்தச்சர். மாமல்லபுரத்தில் இன்றும் உளிச் சத்தம் நிற்கவில்லை. இறப்புச் சடங்கில் சங்கு ஊதியவர் பணிசவர்.

பட்டியலில் யார் இல்லை?

இதுதான் முக்கியமான கேள்வி. ஏர் பிடித்தவர், நாற்று நட்டவர், களை எடுத்தவர் பலருக்குப் பழைய கணக்குகளில் தொழில் பெயரே கிடையாது. சாதிப் பெயர் மட்டும்தான் இருக்கும். பெண்கள் செய்த வேலை பெரும்பாலும் பதிவே ஆகவில்லை.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்தின் பட்டியலின உழைப்பாளர்கள் பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். விளைச்சலை உண்டாக்கியவர்களுக்கு, குடியிருக்கும் மனைகூடச் சொந்தம் இல்லை என்பதை அது வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. அதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்த அரசாணையில் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்கக் கேட்டு 1994-ல் காரணையில் நடந்த போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தனர்.

ஆக, பழைய ஆவணத்தில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்பது வெறும் ஆர்வத்துக்கான விஷயம் இல்லை. இன்றைக்கும் அது நிலத்தைத் தொடுகிற விஷயம்.

தேடும்போது எதைக் கவனிக்கணும்?

முதலில், அந்த வார்த்தை தொழிலா, சாதியா, பட்டமா என்று பிரித்துப் பாருங்க. பழைய பதிவுகளில் மூன்றும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். பத்திரங்களில் 'ஜீவனம்' என்ற சொல்லுக்குப் பிறகு வருவதுதான் பிழைப்புக்குச் செய்த வேலை.

இரண்டாவது, வருஷத்தைப் பாருங்க. 1770-ல் பணிசவர் என்று எழுதப்பட்ட குடும்பம், நூறு வருஷம் கழித்து விவசாயம் செய்திருக்கலாம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும்.

மூன்றாவது, வெளிநாடு போன சொந்தம் இருந்தால் அந்தப் பக்கமும் தேடுங்க. 1860-ல் சென்னையில் இருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் கிளம்பியது. அங்கே போன தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் எல்லாம் இருக்கும். ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியதால், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் புரியும்.

நான்காவது, ஊர்ப் பெரியவங்களைக் கேளுங்க. எந்த வயலுக்கு 'தச்சன் மானியம்'னு பேரு, எந்தக் குளத்தை யார் வெட்டினாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். பத்திரப்பதிவு அலுவலகமும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அதுக்கு அடுத்த படி.

கடைசியா ஒண்ணு. இந்தப் பெயர்களில் சிலவற்றை இன்று வசவாகப் பயன்படுத்துகிறோம். சிலவற்றைச் சொல்ல அந்தக் குடும்பங்களே கூச்சப்படுகிறார்கள். ஆனால் அந்த ஊர்க் கணக்கில் அவை ஒவ்வொன்றுக்கும் எதிரில் இத்தனை மரக்கால் நெல் என்று எழுதியிருக்கிறது. அந்த வேலை இல்லாமல் ஊர் நடக்காது என்று ஊரே ஒப்புக்கொண்டு போட்ட கணக்கு அது. அடுத்த முறை பரண் பெட்டியில் புரியாத ஒரு வார்த்தையைப் பார்த்தால், பத்திரத்தை மடித்து வைப்பதற்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க.