உங்களுக்குத் தெரியுமா? கிழக்கே திரும்பிய பெரியாறு

கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களில் பாயும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டியது. ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, அதைக் கிழக்கே திருப்பும் வேலை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. அணையின் கற்களைப் பிணைத்தது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை. அணையைக் கட்டியவர்களில் நூற்றுக்கணக்கானோர் மலேரியாவுக்கும் காலராவுக்கும் உயிர் கொடுத்தனர். அந்தக் கூலித் தொழிலாளர்களின் பெயர்கள் நமக்கு மிஞ்சவில்லை என்பது பெருங்குறை.

அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் பென்னிகுவிக்கை மட்டும் இந்த மண் மறக்கவேயில்லை. அவர் பிறந்த நாள் ஜனவரி 15. தைப்பொங்கலையொட்டியே வருவதால், ஊர்கூடி அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிய வீடுகளும் உண்டு. 2013-இல் அதே நாளில் லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. குமுளிக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி, பிள்ளைகளுக்கும் காட்டிவிட்டுப் போங்கள்.