வீட்டிலே பள்ளிக்கூடம்

குழந்தைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்ட விரும்பும் பெற்றோர், மகாத்மாஜியின் அநுபவத்தை அறிந்துகொள்வது நலம்.

1897-ஆம் ஆண்டில் டர்பனில் குடும்பத்துடன் குடியேறிய காந்திஜி, பிள்ளைகளைப் பாதிரிமார் பள்ளிக்கு அனுப்ப இசையவில்லை. மாதம் 7 பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கில மாதை நியமித்தார். தாமும் கற்பிக்க முயன்றார். ஆனால் பொதுப் பணி அவருடைய நேரத்தை விழுங்கிவிட்டது. பாடங்கள் ஒழுங்காக நடைபெறவில்லை. இக்குறையைச் 'சத்திய சோதனை'யில் அவரே ஒப்புக்கொள்கிறார். விரும்பிய கல்வி கிட்டாத மனக்குறையுடன் மூத்த புதல்வர் ஹரிலால் 1911-இல் வீட்டைவிட்டே வெளியேறினார்.

1910-இல் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. சத்தியாக்கிரகிகளின் குழந்தைகளுக்கு அங்கே காலையில் தோட்ட வேலையும் வீட்டு வேலையும். பகல் போஜனத்துக்குப் பின்னரே பள்ளி. ஏட்டுக் கல்விக்கு மிஞ்சினால் மூன்று பாட வேளைதான். அவரவர் தாய்மொழி மூலமே போதனை நடந்தது. பாடபுஸ்தகம் இல்லையே என்று காந்திஜி ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? சிறுவர்களுக்கு நீண்ட நேரம் வேண்டுவதில்லை. தவறாத நேரமே வேண்டும். பாடத்திட்டம் பெரிதாக இருப்பதைக் காட்டிலும், பெற்றோரால் அன்றாடம் நடத்தக்கூடியதாக இருப்பதே மேல். தாய்மொழி, கணக்கு, ஒரு கைவேலை: தொடக்கத்துக்கு இவை போதும். இதற்கும் அவகாசமில்லாதவர்கள் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதே தர்மம்.