மேயும் வாய், வளரும் காடு – 9: ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசி

யானைச் சாணத்தில் முளைக்கும் விதைகளைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் முதுமலைக் காட்டு மாடுகளும் உண்ணிச்செடியும் என்று சொல்லியிருந்தேன். அதற்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தபோது 1968 என்ற ஆண்டு கண்ணில் பட்டது. அந்த ஆண்டு முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டு மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வந்தது வெக்கை நோய், ரிண்டர்பெஸ்ட் என்பார்கள். வீட்டு மாடுகளைத் தலைமுறை தலைமுறையாக வாரிக்கொண்டு போன அதே நோய்தான்.

அதைப் பற்றிப் படிக்கப் போய், தான்சானியாவின் செரங்கெட்டி வரை வந்துவிட்டேன். அங்கே நடந்ததைச் சொல்லாமல் முதுமலைக்குத் திரும்ப மனம் வரவில்லை.

1890களில் வெக்கை நோய் அந்தப் பக்கம் பரவியது. மசாய் மக்களின் மாட்டுப்பட்டிகள் காலியாகி, பஞ்சம் வந்தது. காட்டெருமைகளும், வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் வகை விலங்குகளும் செத்து விழுந்தன. அதன் பிறகும் நோய் அங்கேயே தங்கிவிட்டது. வில்டபீஸ்ட் கன்று பால் குடிக்கும் வரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியால் பிழைத்திருக்கும். பால்குடி மறந்து புல்லுக்கு வந்த சில மாதங்களில் நோய் கண்டு சாகும். ஆண்டுதோறும் இதே கதை.

பிறகு சுற்றுவட்டார ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டில் ஒரு வில்டபீஸ்ட்டுக்கும் போடவில்லை. போட்டதெல்லாம் ஊர் மாட்டுக்குத்தான். ஊர் மாட்டிலிருந்து நோய் தொற்றுவது நிற்கவே, 1960களின் தொடக்கத்தில் காட்டிலும் நோய் நின்றது! 1961இல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்டுகள் 1977க்குள் 13 லட்சத்தை எட்டின.

அத்தனை வாய்களும் புல்லை ஒட்ட மேய்ந்தன. முன்பெல்லாம் வறண்ட மாதங்களில் புல் உயரமாகக் காய்ந்து நிற்கும். ஒரு மூலையில் பிடித்த தீ மைல் கணக்கில் ஓடும். முழங்கால் உயர வேலமரக் கன்றுகள் அதில் கருகும். இப்போது தீ ஓடப் புல் இல்லை. கன்றுகள் தலைதூக்கி மரங்களாயின. 2009இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு படி மேலே போனது: கரியமில வாயுவை வெளிவிட்டுக்கொண்டிருந்த செரங்கெட்டி, அதை உள்வாங்கிச் சேமிக்கும் நிலமாக மாறியது என்றது.

மாட்டுக்குப் போட்ட ஊசியில் மரம் வளர்ந்திருக்கிறது. இந்த வாரம் முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தென்பட்டது 1995இல். 2011இல் உலகிலிருந்தே ஒழிந்தது; பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த நோய் இது ஒன்றுதான்.

உண்ணிச்செடியை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் ஒரு வேண்டுகோள். வெக்கை போனாலும், ஊர் மாடுகளுக்கு வரும் கோமாரி நோய் இன்னும் இருக்கிறது; அது காட்டு மாட்டையும் மானையும்கூடத் தாக்கும். காட்டோர ஊர்களில் மாடு வளர்ப்பவர்கள், தடுப்பூசி முகாம் வரும்போது ஒரு மாட்டைக்கூட விட்டுவிடாதீர்கள். அந்த ஊசி காட்டுக்கும் சேர்த்துத்தான்.