மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு: உங்கள் நலமும் சிகிச்சையின் ஒரு பகுதியே

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையுடன் மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "என் குழந்தை எப்போது நடக்கும்?" என்பதாகும். அக்கேள்வி நியாயமானது. ஆனால் அதே அளவு முக்கியமான மற்றொரு கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. பல ஆண்டுகள் இக்குழந்தையைத் தூக்கி, ஊட்டி, குளிப்பாட்டிப் பராமரிக்கப்போகும் தாய் தந்தையர் எவ்வாறு நலமாக இருப்பார்கள்? பராமரிப்பவர் சோர்ந்து விழுந்தால் குழந்தையின் பயிற்சியும் உணவும் மருந்தும் ஒருசேரத் தடைபடும். ஆகவே உங்கள் உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணுவது தன்னலம் ஆகாது. அது குழந்தைக்கான சிகிச்சையின் ஒரு பகுதி.

நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

வளரும் மூளையில், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திற்குள்ளோ ஏற்படும் பாதிப்பினால் தசைகளின் இயக்கமும் உடல் நிலைப்பாடும் குறைபடுவதே மூளை முடக்குவாதம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வயதாக ஆக அதிகரிப்பதில்லை. எனினும் முறையான பயிற்சி இல்லையெனில் தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிப்போகக்கூடும். பயிற்சியை இடைவிடாமல் தொடர வேண்டும் என்று கூறுவதற்குக் காரணம் இதுவே.

சில குழந்தைகளுக்கு வலிப்பு, அறிவுசார் குறைபாடு, பார்வை அல்லது கேட்கும் திறன் குறைபாடு ஆகியவையும் இருக்கலாம். பேச்சு தெளிவாக வராத குழந்தைக்கு அறிவுத்திறன் இயல்பாக இருப்பதும் உண்டு. எனவே பேசாத குழந்தைக்கு எதுவும் புரியாது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கிரகணத்தன்று வெளியே சென்றது, ஏதோ ஒன்றை உண்டது போன்ற காரணங்களைக் கூறித் தாயைக் குறை சொல்லும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. இவற்றுக்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை, மூளைக்கு உயிர்வளி குறைதல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைத் தொற்று ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். பலருக்குக் காரணம் உறுதியாகத் தெரிவதில்லை. குடும்பத்தில் எவரேனும் தாயைப் பழித்தால், அவரை அடுத்த முறை மருத்துவரிடம் உடன் அழைத்து வாருங்கள். மருத்துவர் நேரில் விளக்கும்போது அவர்கள் ஏற்றுக்கொள்வது எளிதாகும்.

வீட்டில் உங்கள் உடலைக் காத்துக்கொள்ளுதல்

* குழந்தையைத் தரையிலிருந்து தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்கால்களை மடக்கி அமர்ந்து, குழந்தையை மார்போடு அணைத்து எழுங்கள். பராமரிப்பவர்களுக்கு முதுகுவலி வருவதற்குத் தவறாகத் தூக்குவது ஒரு முக்கியக் காரணம்.
* கால்கள் கத்தரிக்கோல் போல் பின்னிக்கொள்ளும் குழந்தையை, அதன் கால்கள் உங்கள் இடுப்பின் இருபுறமும் வருமாறு தூக்குங்கள். இதனால் உங்கள் சுமை குறையும். குழந்தையின் தொடைத் தசைகளும் தளரும்.
* படுக்க வைத்து ஊட்டாதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். நிமிர்ந்து அமர வைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, மசித்த உணவைச் சிறு கரண்டியால் ஊட்டுங்கள். ஒரு வேளை உணவுக்கு அரைமணி நேரத்திற்கு மேல் ஆனாலோ, ஒவ்வொரு முறையும் புரை ஏறினாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
* பயிற்சிக்கெனத் தனியே நேரம் கிடைக்காத நாள்களில், குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் கை கால்களை மெதுவாக நீட்டி மடக்கலாம். இதை இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

மனச்சோர்வின் அறிகுறிகள்

தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமின்றி அழுகை, குழந்தையின் மீது கட்டுக்கடங்காத கோபம், வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை இருந்தால், அவை உங்கள் பொறுமைக் குறைவினால் வந்தவை எனக் கருதாதீர்கள். அவை சிகிச்சையால் குணமாகக்கூடிய நிலையின் அறிகுறிகள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். உங்களையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தால், குழந்தையை உடனே வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு உதவி கேளுங்கள்.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுதல்

பெரும்பாலான வீடுகளில் முழுச் சுமையும் தாயின் மீதே விழுகிறது. "முடிந்தபோது உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, குறிப்பிட்ட வேலையைக் குறிப்பிட்டவரிடம் ஒப்படைப்பதே பயனளிக்கும். இரவு மருந்து தந்தையின் பொறுப்பு, மாலையில் ஒரு மணி நேரம் பாட்டியின் பொறுப்பு என வரையறுத்துக்கொள்ளுங்கள். ஊட்டும் முறையையும் வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதையும் குறைந்தது இருவராவது அறிந்திருக்க வேண்டும். உடன்பிறந்த குழந்தைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ப நோயைப் பற்றி எடுத்துரையுங்கள். அவர்களுடன் மட்டும் செலவிட நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்குங்கள்.

அரசின் உதவிகள்

* தொடக்கநிலை இடையீட்டு மையங்கள்: 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் இயங்குகின்றன. இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, பார்வை, செவித்திறன் பரிசோதனை ஆகியவை கட்டணமின்றி ஒரே இடத்தில் வழங்கப்படுகின்றன. குழந்தையின் வயது குறைவாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது.
* தனித்துவ அடையாள அட்டை: பல நலத்திட்டங்களுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்புக்கான சான்று தேவை. சிறு குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்று வழங்கப்பட்டால், காலம் முடியும் முன் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.
* பராமரிப்பு உதவித்தொகை: தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்புடையோருக்கும் அறிவுசார் குறைபாடுடையோருக்கும் மாதம் ரூ.2,000 வழங்கப்படுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.
* நிராமயா காப்பீடு: தேசிய அறக்கட்டளையின் இத்திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவச் செலவு பெறலாம். பயிற்சி சிகிச்சைகளும் இதில் அடங்கும்.
* கல்வி: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு.
* பதினெட்டு வயதுக்குப் பின்: வயது நிறைந்ததும் பெற்றோர் சட்டப்படியான பாதுகாவலர் என்ற நிலை முடிவுறும். முடிவெடுக்க உதவி தேவைப்படுவோருக்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கோரலாம். "எங்களுக்குப் பின் யார்?" என்ற கவலைக்கு இது ஒரு சட்டவழித் தொடக்கம்.

ஏமாற வேண்டாம்

முற்றிலும் குணப்படுத்துவதாக உறுதியளிக்கும் விளம்பரங்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். மூளை முடக்குவாதத்திற்கு ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. அதைக் கட்டணம் பெற்று வழக்கமான சிகிச்சையாக அளிப்பதை 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்கள் ஏற்கவில்லை.

உடனே 108ஐ அழைக்க வேண்டியவை

ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வரும் வலிப்பு, உணவு சிக்கி மூச்சுத் திணறுதல், உதடு நீலம் பாய்தல். வலிப்பின்போது குழந்தையை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது குழந்தையின் சிகிச்சைக் குறிப்பேட்டுடன், உங்கள் உறக்கம், வலி, கவலை பற்றிய கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். அவற்றைக் கேட்பதும் மருத்துவரின் கடமையே.