மாணவர் எழுத்தும் அமானிதமே

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லக் கதவிலிருந்த துவாரத்தின் வழியே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்வையைக் கருதியே அனுமதி கேட்கும் முறை விதிக்கப்பட்டதென நபியவர்கள் அவரைக் கண்டித்த செய்தியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். காலடியைப் போன்றே கண்ணும் அனுமதி பெற்றே நுழைதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் பாடங்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. கட்டுரையையும் ஓதற்பதிவையும் எவரும் காணத்தக்க பொதுத்தளங்களில் இடுமாறு பணிக்கும் வழக்கமும் பரவியுள்ளது. குளச்சல் போன்ற கடலோர ஊரில் ஒரு மாணவி ‘என் குடும்பம்’ என அரபியில் பத்து வரி எழுதுகிறார் எனக் கொள்வோம். தந்தை வளைகுடாவில் இருப்பதும், அவர் விடுப்பில் வரும் மாதமும், வீட்டில் பெண்கள் மட்டுமே இருப்பதும் அதில் இடம்பெறும். உஸ்தாதுக்கு அது மொழிப்பயிற்சி. அந்நியனுக்கோ ஆண்துணையற்ற வீட்டைப் பற்றிய தகவல்.

முன்பு மக்தபில் பலகையில் எழுதிக் கழுவினோம். பிழையும் நீரோடு போயிற்று. இணையத்தில் இட்ட பிழை அவ்வாறு கழுவப்படுவதில்லை.

இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ கல்வித்தளம் 2017இல் தொடங்கப்பட்டது. 2018 முதல் தமிழகப் பாடநூல்களில் அச்சான கியூ.ஆர். குறியீடுகள் மாணவரை அதனிடம் இட்டுச் சென்றன. அதன் சேமிப்புக் கணினி காப்பின்றித் திறந்து கிடந்தமையும், ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர், 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் ஆகியோரின் விவரங்கள் அதில் இருந்தமையும் 2023 ஜனவரியில் வெளிவந்தன. அரசுத் தளத்திற்கே இந்நிலை நேரக்கூடுமாயின், பொதுவெளியில் நாமே திறந்து வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றம் 24.8.2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. எனினும் அரபிக் கல்லூரி மாணவருள் பலர் அவ்வயதைக் கடந்தவர்கள். அவர்கள் தாமே இசைவளிக்க வேண்டியவர்கள். உஸ்தாதின் முகம் கோணுமே என அஞ்சித் தலையசைப்பது ‘ரிளா’, அதாவது மனமொப்பிய இசைவு, ஆகுமா? மறுக்க வழியில்லாத இடத்தில் இசைவுக்கும் பொருளில்லை என்பதே நம் கருத்து.

ஆதலின் பொதுத்தளத்தில் எழுத விரும்பாதவர் குறிப்பேட்டில் எழுதித் தரலாம். அதற்கும் அதே மதிப்பெண் உண்டென முன்னரே அறிவித்தல் வேண்டும். விரும்புவோரும் ஆசிரியர் மட்டுமே அறிந்த புனைபெயரில், முகமும் ஊரும் குடும்பச் செய்தியும் இன்றி எழுதட்டும். திருத்தங்களையும் மதிப்பெண்ணையும் தனியே தெரிவிப்போம். பருவம் முடிந்ததும் பதிவுகளை நீக்குவோம். பிறர் முன்னரே படியெடுத்திருக்கக் கூடுமாதலின், இடுமுன் காத்தலே முதன்மையானது.

பிறர் குறையை மறைப்போரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழி தரும் நற்செய்தி. நம்மை நம்பி மாணவர் தரும் ஒவ்வொரு தாளும் அமானிதம். அதனைப் பேணும் பண்பை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!